12 போர் சேம்பர் கேஜ்: தாத்தா துப்பாக்கிய அளந்து பார்த்து ஒரு வருசம் கழிச்சு எழுதற ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், இந்த கேஜ், அதாவது அளவு பார்க்குற கருவி, கைக்கு வர்ற வரைக்கும் சேம்பருக்கு, அதாவது குழலோட பின்பக்கம் தோட்டா உக்கார்ற எடத்துக்கு, நீளம்னு ஒண்ணு இருக்குங்கறதே எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. 12 போர்ங்கறது குழலோட அகல அளவு, 12 போர் துப்பாக்கின்னா 12 போர் தோட்டா, அவ்ளோதான் எங்களுக்கு. தாண்டிக்குடி பக்கம் காபியும் மிளகும் இருக்கு, நடுவுல கொஞ்சம் மலைவாழை, ஆரஞ்சு. பன்னியும் காட்டுமாடும் எறங்குற எடம்ங்கறதால தாத்தா காலத்துலயே பயிர் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ் வாங்குனது, இப்ப அப்பா பேர்ல இருக்கு, நான் ரீடெய்னரா, அதாவது அவருக்கு பதிலா அத எடுத்துப் பயன்படுத்த அனுமதி உள்ளவனா, சேர்ந்திருக்கேன். துப்பாக்கி பர்மிங்காம்ல செஞ்ச ரெட்டைக்குழல், பாக்ஸ்லாக்னு சொல்ற பூட்டு மாடல், சுட்ட தோட்டாவ தானா வெளிய எறியுற எஜெக்டர் கிடையாது. ரெண்டு குழலுக்கும் நடுவுல ஓடுற பட்டைல கல்கத்தா கடை பேரு வெட்டிருக்கும். அந்தக் காலத்துல அப்படித்தான், பர்மிங்காம்ல செஞ்சு அனுப்புவாங்க, இங்க கல்கத்தா மெட்ராஸ்ல இருக்க கடைக்காரங்க அவங்க பேரைப் போட்டு விப்பாங்க.

2024 எம்பி எலக்‌ஷனுக்கு எல்லாரையும் போல நாங்களும் துப்பாக்கிய ஒப்படைச்சோம். திரும்பி வாங்குனப்ப குழலுக்குள்ள லேசா துரு பிடிச்சிருந்துச்சு, அப்பா எண்ணெய் போட்டு தொடைச்சு வச்சாரு. அடுத்த வாரமே பன்னி வந்துருச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு மேல பார்த்து ரெண்டு வெடி போட்டாரு. மறுநாள் காலைல காலி தோட்டா ரெண்டும் திண்ணைல கெடந்துச்சு, சும்மா கையில எடுத்து பார்த்தேன். வாய் ஓரம் சரியில்ல. மடிப்பு விரிஞ்ச எடத்துல பிளாஸ்டிக் மெலிஞ்சு போய், வெளிய பிடிச்சு இழுத்து விட்ட மாதிரி நார் நாரா நிக்குது. பக்கத்து தோட்டத்துக்காரர்கிட்ட நம்ம ஆர்டினன்ஸ் ஃபேக்டரி துப்பாக்கி இருக்கு, அவரு சுட்ட காலி தோட்டா அதே கம்பெனி அதே பெட்டி, அதோட வாய் கத்தரிச்ச மாதிரி வட்டமா சுத்தமா இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து அமெரிக்கால இருக்க அத்தை பையனுக்கு அனுப்புனேன், அவன் அங்க மண்தட்டு சுடற கிளப்புக்கெல்லாம் போறவன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், "மச்சான், அந்த துப்பாக்கில சேம்பர் எவ்ளோ நீளம்?"

எனக்கு பதில் தெரியல. அப்பாகிட்ட கேட்டேன், அப்பாவுக்கும் தெரியல. கன் ஹவுஸ்ல போன் போட்டு கேட்டேன், பேரு வேணாம், பல வருசமா அங்கதான் தோட்டா வாங்கறோம், "12 போர்தான சார், எல்லாம் ஒண்ணுதான், உள்ள போகுதுல்ல, அப்ப சரிதான்"னாங்க.

இந்த "உள்ள போகுதுல்ல"ங்கற வார்த்தைதான் ஆபத்து, அதனால இத கொஞ்சம் விளக்கமா சொல்றேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போங்க. ஷாட்கன் தோட்டா மேல போட்டிருக்க 65 மிமீ, 70 மிமீங்கற அளவு, சுட்டதுக்கு அப்புறம் வாய் முழுசா விரிஞ்ச நீளம். சுடறதுக்கு முன்னாடி வாய் மடிச்சு மூடிருக்கும்ல, அப்ப அது குட்டையா இருக்கும். பூ மாதிரி மடிச்ச 70 மிமீ தோட்டாவ நான் வெர்னியர் வச்சு அளந்தேன், 58 மிமீதான் வந்துச்சு. எங்க வீட்டு பரண்ல தாத்தா வச்சிருந்த பழைய பேப்பர் தோட்டா ஒண்ணு இருக்கு, மேல அட்டை வச்சு ஓரத்த உருட்டி மூடுன மாடல், 2½ இன்ச், அது 59 மிமீ. அதாவது கண்ணால பார்த்தா நீளத் தோட்டா குட்டையாவும் குட்டைத் தோட்டா நீளமாவும் தெரியுது! பழைய இங்கிலீஷ் துப்பாக்கில சேம்பர் பெரும்பாலும் 2½ இன்ச், 63.5 மிமீ. அதுக்கு அங்கிட்டு ஃபோர்சிங் கோன்னு ஒரு சரிவு, சேம்பர் அகலத்துல இருந்து குழல் அகலத்துக்கு, கிட்டத்தட்ட 20.3 மிமீல இருந்து 18.5 மிமீக்கு, புனல் மாதிரி சுருங்கிட்டு போகும். 70 மிமீ தோட்டா இதுல தாராளமா உள்ள போகும், பூட்டும் நல்லா மூடும், வெடிக்கும்போது வாய் விரிய 6 மிமீக்கு மேல எடம் பத்தாது, அந்த சரிவுக்குள்ள போய்த்தான் விரியும். போற வழி இடுக்கமாகுது, அதே நேரம் ரவையும், மருந்துக்கும் ரவைக்கும் நடுவுல இருக்க "வாட்"ங்கற அடைப்பும் அது வழியாத்தான் நெருக்கியடிச்சு போகணும், அழுத்தம் ஏறுது. கூடவே இப்போதைய 70 மிமீ தோட்டால மருந்தும் ரவையும் அந்தப் பழைய குழலுக்கு கணக்குப் போட்டதை விட அதிகமா இருக்க வாய்ப்பு உண்டு. நார் நாரா வந்த வாய் அதோட அடையாளம்.

அப்பா மொதல்ல ஒத்துக்கல. "ஏன்டா, முப்பது வருசமா இதே தோட்டாதான் போடறோம், ஒண்ணும் ஆகலயே"ன்னாரு. ஒண்ணும் ஆகலங்கறது உண்மைதான். ஆனா துப்பாக்கி தோள்ல ஒதைக்குற ஒதை, தாத்தா காலத்துல இவ்ளோ இல்லன்னு அவரே ரெண்டு தடவ சொல்லிருக்காரு, தோள்ல சாய்க்குற பட்டைக்கட்டைல பூட்டுக்கு பின்னாடி முடி மாதிரி ஒரு விரிசல் ஓடிருக்கு. அத காட்டுனதுக்கு அப்புறம் பேசாம இருந்தாரு.

சரி கேஜுக்கு வர்றேன். அத்தை பையன் லீவுக்கு வந்தப்ப பெட்டில போட்டு கொண்டு வந்தான், நம்ம காசுக்கு மூவாயிரம் கிட்ட ஆச்சு. கம்பெனி பேரு சொல்லல, ஏன்னா இதுல எனக்கு ரெண்டு மூணு குறை இருக்கு, இதே மாதிரி மாடல் பல பேர் செய்றாங்க. பார்க்க ஒண்ணுமே இல்ல, விரல் கனத்துக்கு மேல ஒரு அலுமினிய உருளை, ஒரு பக்கம் சமமா வெட்டுன முனை, இன்னொரு பக்கம் பிடிச்சுக்க சின்ன கைப்பிடி, உடம்பு மேல 2½, 2¾, 3, 3½ன்னு கோடு. உள்ள விடணும், முனை போய் சரிவுல முட்டி நிக்கும், அப்ப குழலோட பின் முகம் எந்தக் கோட்டுக்கு நேரா வருதோ அதுதான் சேம்பர் நீளம். தோட்டாவோட விளிம்பு உக்கார்ற பள்ளமும் இந்த நீளத்துல சேர்த்திதான், தனியா கழிக்க வேணாம்.

கேக்க சுலபமா இருக்கு, ஆனா மொத நாள் நான் தப்பா அளந்தேன். துப்பாக்கிய மடக்கித் திறந்து அப்படியே கேஜ விட்டேன். திறந்ததும் தோட்டாவ வெளிய தூக்கிக் கொடுக்குற எக்ஸ்ட்ராக்டர் நாலஞ்சு மிமீ வெளிய தள்ளிட்டு நிக்கும், அது கேஜுக்கு கீழ வந்து மறைக்குது, கோடு எங்க இருக்குன்னு பார்க்குற எடமே தப்பாயிருது. முன்கட்டையக் கழட்டி குழல தனியா எடுத்து, துணி விரிச்ச மேஜைல வச்சு, எக்ஸ்ட்ராக்டர விரலால உள்ள அமுக்கி பின் முகத்தோட சமமாக்கிட்டு அப்புறம் அளக்கணும். குழல தனியா எடுத்துட்டா தோட்டா உள்ள இருக்கா இல்லையாங்கற சந்தேகமும் கெடையாது, ரெண்டு பக்கமும் வெளிச்சம் தெரியும், அதுக்காகவே நான் வேற எப்படியும் அளக்க மாட்டேன்.

வலது குழல் 2½ கோட்டுல கச்சிதமா நின்னுச்சு. இடது குழல் நிக்கல, அதுக்கு முன்னாடியே முட்டிருச்சு, கோடு விரல் அகலத்துல கால்வாசி வெளிய தெரியுது, 2⅜ கூட வராது போல. ஒரே துப்பாக்கில ரெண்டு குழலுக்கு ரெண்டு அளவா? பர்மிங்காம்ல அப்படி செஞ்சிருக்க மாட்டாங்கன்னு எனக்கே தோணுச்சு. அத்தை பையன் டார்ச்ச குழல் வாய்ப் பக்கம் வச்சு பின்னாடி இருந்து பார்க்கச் சொன்னான். சேம்பர் நல்லா கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு, முடியுற எடத்துக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு மங்கலான சாம்பல் வளையம், அதுக்கப்புறம் சரிவோட நிழல். அந்த வளையம் பூராம் உருகி ஒட்டுன பிளாஸ்டிக்கும் எலக்‌ஷன்ல வந்த துருவும். வெண்கல பிரஷ்ஷும் சால்வென்ட்டும் போட்டு ராத்திரி ஊற வச்சு மறுநாள் தேய்ச்சா துணில கருப்பா பட்டை பட்டையா வருது, மூணு தடவ தேய்ச்சதுக்கு அப்புறம் கேஜ் விட்டேன், டக்குனு 2½ல நின்னுச்சு. துரு இருந்த எடத்துல சின்ன சின்ன குழி இருக்கு, அது போகாது.

இங்க ஒரு கணக்கு இருக்கு, இத எங்கயும் யாரும் விளக்கி நான் பார்க்கல, அளந்து அளந்து புரிஞ்சுகிட்டது. சேம்பர் நேரான குழாய் இல்ல, பின்னாடி 20.65 மிமீ, முன்னாடி 20.3 மிமீ, லேசா கூம்பு. அதாவது 70 மிமீ நீளத்துக்கு 0.35 மிமீதான் சுருங்குது, ஒவ்வொரு 10 மிமீக்கும் 0.05 மிமீ. இப்ப கேஜ் முனை 20.27 மிமீன்னு வைங்க. உங்க சேம்பர் செஞ்ச காலத்துலயே ஒரு முடி இடுக்கமா இருந்தா, இல்ல அழுக்கு 0.05 மிமீ ஒட்டிருந்தா, கேஜ் சரிவு வரைக்கும் போகவே போகாது, பல மிமீ முன்னாடியே இறுகி நின்னுரும். நீங்க அத சேம்பர் நீளம்னு நெனைச்சுக்குவீங்க. அதனால கேஜ் எப்படி நிக்குதுங்கறத கை உணரணும். சரிவுல முட்டுனா "டொக்"னு ஒரே அடியா நிக்கும், திருப்புனா லேசா சுத்தும், வெளிய எடுக்க சிரமம் இருக்காது. இறுகி நின்னா மெதுவா கனமாகிட்டே வந்து நிக்கும், திருப்ப முடியாது, எடுக்கும்போது பிடிச்சு இழுக்கணும். இந்த வித்தியாசம் தெரிஞ்சாதான் இந்தக் கருவி கருவி. பெட்டிக்குள்ள வந்த சீட்டுல இதப்பத்தி ஒரு வரி கூட இல்ல, இது என்னோட மொத குறை.

இதுக்காகவே நான் திண்டுக்கல்ல ஒரு லேத் பட்டறைல இன்னொண்ணு கடைஞ்சு வாங்குனேன். பித்தளைல, முனை 20.2 மிமீ. பூட்டுக்கு பேர் போன ஊர், சின்ன சாமானுக்கு கை சுத்தமா இருக்கும்னு நம்பிக்கை. அண்ணன்கிட்ட பேப்பர்ல வரைஞ்சு கொடுத்தேன், "எதுக்கு தம்பி இவ்ளோ துல்லியம், பாயிண்ட் ரெண்டா பாயிண்ட் மூணா என்ன ஆயிரப்போகுது"ன்னு கேட்டாரு, சொன்னேன், மைக்ரோமீட்டர எடுத்து அமெரிக்க கேஜையும் அளந்தாரு, 20.27தான் காட்டுச்சு, அந்த விஷயத்துல கம்பெனிக்காரன் சொன்னபடி செஞ்சிருக்கான், 0.798 இன்ச். அப்புறம் அவரே ஒரு யோசனை சொன்னாரு, முனை ஓரத்த கூர்மையா விடாதீங்க, குழல் சுவர்ல கீறும், முடி அளவுக்கு உடைச்சு விடறேன்னு. 650 ரூவா வாங்குனாரு, மறுநாளே கொடுத்தாரு. ஒண்ணு முக்கியம், துப்பாக்கியையோ குழலையோ பட்டறைக்கு கொண்டு போகல, கொண்டு போகவும் கூடாது, லைசென்ஸ் இருக்க ரிப்பேர்காரங்க மட்டும்தான் அதத் தொடலாம். நான் கொண்டு போனது அளவு எழுதுன பேப்பரும் கேஜும் மட்டும்.

20.2ல செஞ்சா என்ன ஆகும்னா, இடுக்கமான சேம்பர்லயும் வழில இறுகாம நேரா சரிவு வரைக்கும் போயிரும். ஆனா முனை சின்னதுங்கறதால சரிவுக்குள்ள கொஞ்சம் உள்ள போய்த்தான் நிக்கும். பழைய இங்கிலீஷ் துப்பாக்கில சரிவு குட்டை, 12 மிமீ மாதிரி, அப்ப இந்த வித்தியாசம் ஒரு மிமீக்குள்ளதான், கவலையில்ல. சரிவ நீளமாக்குன குழல், இல்ல நீளச் சரிவோட வர்ற புது துப்பாக்கின்னா மூணு மிமீ வரைக்கும் கூட காட்டலாம், அங்க அத நம்பாதீங்க. ரெண்டு கேஜையும் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு விட்டுப் பார்த்து ரெண்டும் ஒரே எடத்தச் சொன்னா நிம்மதி, வேற வேற எடம் சொன்னா சேம்பர்ல ஏதோ இருக்குன்னு அர்த்தம், சுத்தம் பண்ணிட்டு மறுபடி பாருங்க.

இப்ப பெரியப்பா துப்பாக்கி. இதுதான் என்ன ரொம்ப யோசிக்க வச்சது, இந்த ரிவ்யூ எழுதறதுக்கே இதுதான் காரணம். பெரியப்பாவுது அதே காலத்து பர்மிங்காம் துப்பாக்கி, அவரும் 70 மிமீதான் போடறாரு, ஆனா காலி தோட்டா வாய் சுத்தமா இருக்கும், ஒதையும் கம்மி. "என் துப்பாக்கிக்கு ஒண்ணும் இல்ல தம்பி, உங்கப்பன் துப்பாக்கிதான் கோளாறு"ன்னு சொல்லிட்டிருந்தாரு. அவங்க வீட்டுக்கே போய் அவரு முன்னாடியே குழல கழட்டி அளந்தேன். கேஜ் 2½ தாண்டி போய் 2¾ல "டொக்"னு நிக்குது. ரெண்டு குழல்லயும். சரி, நீள சேம்பர் துப்பாக்கி போலன்னு நெனைச்சுட்டு குழல திருப்பி அடிப்பக்கத்த பூதக்கண்ணாடி வச்சு பார்த்தோம். அங்க கிரீடத்துக்கு கீழ பிபி, பிவி, என்பின்னு பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸ் (கூடுதல் மருந்து போட்டு சுட்டு, குழல் தாங்குதான்னு சோதிச்சு முத்திரை குத்துற எடம்) முத்திரை, "நைட்ரோ ப்ரூஃப் 1⅛ அவுன்ஸ் மேக்சிமம்"னு ஒரு வரி, பக்கத்துல டைமண்ட் கட்டத்துக்குள்ள மேல 12, கீழ 2½ இன்ச். அப்படின்னா 1925ல இருந்து 1954 வரைக்கும் இருந்த விதிப்படி ப்ரூஃப் ஆன துப்பாக்கி, ப்ரூஃப் பண்ணப்ப சேம்பர் 2½. இப்ப அளந்தா 2¾. நடுவுல யாரோ, எந்த வருசமோ, ரீமர்ங்கற கடைசல் கருவிய விட்டு சேம்பர நீளமா கடைஞ்சிருக்காங்க. அப்படிக் கடைஞ்சா இங்கிலாந்துல மறுபடி ப்ரூஃபுக்கு அனுப்பி புது முத்திரை வாங்கணும், இதுல புது முத்திரை எதுவும் இல்ல.

பெரியப்பா கேட்டது நியாயமான கேள்வி, "நீளமாக்கிட்டாங்கன்னா நல்லதுதானே, இப்ப தோட்டா பொருந்துதுல்ல?" நான் சொன்னேன், "பெரியப்பா, தோட்டா பொருந்துது, குழல் சுவர் பொருந்துமான்னு தெரியாது." சேம்பருக்கு முன்னாடி இருக்க சுவர்லதான் அழுத்தம் உச்சத்துல இருக்கு, இரும்ப சுரண்டி எடுத்ததும் அங்கதான். பழைய லேசான துப்பாக்கில அங்க கனம் ஏற்கனவே எண்ணி வச்ச கனம். 1954க்கு அப்புறம் வந்த இங்கிலீஷ் முத்திரைல இத நேராவே எழுதிருப்பாங்க, 2½ சேம்பருக்கு சதுர இன்ச்சுக்கு 3 டன், 2¾க்கு 3¼ டன், 3 இன்ச்சுக்கு 4 டன். சேம்பர் நீளம் மாறுனா தாங்க வேண்டிய அழுத்தமும் மாறுதுன்னு அந்த எண்ணுலயே தெரியுதுல்ல. சேம்பர மட்டும் நீட்டிட்டு மிச்சத்த அப்படியே விட்டா, முன்ன விட மோசம், ஏன்னா இப்ப ஒரு அறிகுறியும் வராது, காலி தோட்டா வாய் அழகா இருக்கும், ஒதைக்காது, எல்லாம் சரின்னு நெனைச்சு கனத் தோட்டாவா வாங்கிப் போட்டுட்டே இருப்போம். எங்க துப்பாக்கியாவது நார் நாரா வாய் காட்டி சொல்லுச்சு.

இங்கதான் கேஜோட அருமை எனக்கு புரிஞ்சது. முத்திரைய மட்டும் படிச்சிருந்தா 2½ன்னு சொல்லிட்டு போயிருப்பேன், கேஜ் மட்டும் விட்டிருந்தா 2¾ன்னு சொல்லி 70 மிமீ போடச் சொல்லிருப்பேன், ரெண்டுமே தப்பு. ரெண்டையும் சேர்த்துப் படிச்சாதான் நடுவுல நடந்தது தெரியுது. அன்னிலேருந்து பெரியப்பா அந்த துப்பாக்கில சுடல.

முத்திரை பத்தி இன்னும் கொஞ்சம், சுருக்கமா. புகையில்லாத மருந்துக்கு சோதிச்சதுன்னு சொல்ற என்பியோ நைட்ரோ ப்ரூஃபோ இல்லாத பழைய இங்கிலீஷ் துப்பாக்கின்னா அது கருமருந்துக்கு மட்டும் ப்ரூஃப் ஆனது, சேம்பர் எவ்ளோ நீளம்னு அளந்து பிரயோஜனமே இல்ல, இப்போதைய தோட்டா போடவே கூடாது, அதுவும் குழல் மேல பாம்புத்தோல் மாதிரி வரி வரியா தெரியுற டமாஸ்கஸ் குழல்னா சுவத்துல மாட்டி வைங்க. ஜெர்மன், பெல்ஜியம் துப்பாக்கி வச்சிருக்கவங்க இன்ச் கோட்ட நம்பி ஏமாறாதீங்க, அங்க பழசெல்லாம் பெரும்பாலும் 65 மிமீ, 2½க்கும் 2¾க்கும் நடுவுல நிக்கும். 16 போர்லயும் இதே கதை, பழைய 16 போர் நெறைய 65 மிமீ சேம்பர்தான்.

அதுதான் ரெண்டாவது குறை, என் கேஜ்ல மிமீ கோடே இல்ல. நம்மூர்ல தோட்டா பெட்டி மேல மிமீல போட்டிருக்கு, துப்பாக்கி மேல இன்ச்ல போட்டிருக்கு, கேஜ்ல ரெண்டும் இருந்தா என்ன குறைஞ்சிரும். பித்தளை கேஜ்ல நான் சொல்லி 63.5, 65, 70, 76ன்னு நாலு கோடு போட்டு வாங்கிட்டேன். மூணாவது குறை, அலுமினியத்துல கோடு சும்மா கீறல் மாதிரி இருக்கு, ராத்திரி பல்பு வெளிச்சத்துல தெரியவே தெரியாது, நான் வெள்ளை நெய்ல் பாலிஷ் தடவி மேல துணியால வழிச்சு எடுத்தேன், கீறலுக்குள்ள மட்டும் வெள்ளை நின்னுச்சு, இப்ப நல்லா தெரியுது. கீழ விழுந்தா ஓரம் நசுங்கும், ஒரு தடவ விழுந்து நசுங்கி அரம் போட்டு எடுத்தேன், நசுங்குன ஓரத்தோட அளந்தா அளவும் தப்பும், குழலும் கீறும். உறை கொடுத்திருக்கலாம், கொடுக்கல.

கேஜ் இல்லாம அளக்க முடியாதான்னு கேப்பீங்க. முடியும். 15 சென்டிமீட்டர் இரும்பு ஸ்கேல படுக்க வச்சு சேம்பர் சுவரோட ஒட்டி உள்ள தள்ளுங்க, முனை சரிவுல தட்டுற எடத்துல கைக்கு சின்னதா ஒரு தடங்கல் தெரியும். நான் எங்க துப்பாக்கில அஞ்சு தடவ பார்த்தேன், 62, 63, 63, 65, 64ன்னு வந்துச்சு, 2½ஆ 2¾ஆங்கற கேள்விக்கு இது போதும், 63.5ஆ 65ஆங்கற கேள்விக்கு பத்தாது. விசிட்டிங் கார்ட சுருட்டி உள்ள விட்டு விரிய விட்டு தள்ளுறதும் உண்டு, அதுவும் ஓரளவுக்கு வரும். ஆனா சுட்ட காலித் தோட்டாவ உள்ள விட்டு பார்க்குறது வேண்டவே வேண்டாம், கன் ஹவுஸ்ல அதத்தான் செஞ்சு காட்டுனாங்க, மெல்லிசு பிளாஸ்டிக் சரிவுக்குள்ள வளைஞ்சு போயிரும், "பாருங்க போகுது"ம்பாங்க. ரொம்ப துல்லியமா வேணும்னா சேம்பருக்குள்ள செரோசேஃப்னு ஒரு உலோகத்த உருக்கி ஊத்தி அச்சு எடுப்பாங்க, 90 டிகிரி சென்டிகிரேடுக்குள்ளயே உருகிரும், ஊத்தி ஒரு மணி நேரம் கழிச்சு அளந்தா சேம்பரோட அளவு அப்படியே வரும். அது ரிப்பேர்காரங்க வேலை, நான் செஞ்சதில்ல.

கேஜ் சொல்லாதது எதுன்னும் தெரிஞ்சுக்கங்க. குழல் சுவர் கனம் சொல்லாது, உள்ள குழி எவ்ளோ ஆழம்னு சொல்லாது, பூட்டு தளர்ந்திருக்கான்னு சொல்லாது. எங்க இடது குழல்ல இருக்க குழிக்கு கேஜ்கிட்ட பதில் இல்ல, லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர்கிட்ட தனியா காட்டுனோம், ஆழம் கம்மி, 2½ இன்ச் சேம்பருக்குன்னே வர்ற 65 மிமீ லேசான தோட்டாவுக்கு ஒண்ணும் பயமில்லன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் திரும்ப எடுத்தோம்.

65 மிமீ தோட்டா தேடுறதுதான் பெரிய வேலையா போச்சு. நாலு கன் ஹவுஸ் கேட்டேன், மூணு எடத்துல 70தான் இருக்கு, ஒரு எடத்துல உள்ள போய் பழைய ஸ்டாக்ல தேடி எடுத்துக் கொடுத்தாரு, பெரியவரு, 65ன்னு நான் கேட்டதுமே "இங்கிலீஷ் துப்பாக்கியா?"ன்னு அவரே கேட்டாரு, கேக்கவே சந்தோசமா இருந்துச்சு. அதப் போட்டு அப்பா மொத வெடி வெடிச்சுட்டு துப்பாக்கிய தோள்ல இருந்து எறக்கி ஒரு நிமிசம் கையிலயே வச்சுகிட்டு நின்னாரு. "தாத்தா சுடும்போது இப்படித்தான்டா இருக்கும்"னாரு. காலி தோட்டாவ எடுத்து என் கையில கொடுத்தாரு, வாய் வட்டமா, மடிப்புக் கோடு கூட கலையாம இருந்துச்சு. அத நார் நாரா வந்த ரெண்டு தோட்டா பக்கத்துல அலமாரில வச்சிருக்கேன், யாராவது "உள்ள போகுதுல்ல"ன்னு சொன்னா எடுத்துக் காட்ட.

காசுக்கு தகுமான்னு கேட்டா, அமெரிக்க கேஜுக்கு அஞ்சுக்கு மூணரை கொடுப்பேன். முனை அளவு சரியா செஞ்சிருக்கான், அது பெரிய விஷயம், ஆனா கோடு, சீட்டு, உறை எதுலயும் அக்கறை இல்ல. இப்ப வாங்குறதா இருந்தா வெளிநாட்டுல இருந்து வரவழைக்க மாட்டேன், நேரா நல்ல லேத் பட்டறைக்கு போய் பித்தளைல ரெண்டு முனை, ஒரு பக்கம் 20.27, இன்னொரு பக்கம் 20.2, மிமீல கோடு போட்டு கடைஞ்சு வாங்குவேன், அந்த பட்டறை வேலைக்கு அஞ்சுக்கு அஞ்சு. 16 போர், 20 போர் வச்சிருக்கவங்க இந்த அளவ எடுத்துட்டு போகாதீங்க, இது 12க்கு மட்டும்.

ரெண்டு கேஜும் இப்ப பெரியப்பா வீட்ல இருக்கு, அந்தப் பக்கம் பழைய துப்பாக்கி வச்சிருக்க மூணு தோட்டத்துக்காரங்க அளக்கணும்னு கேட்டிருக்காங்க, முத்திரை பார்க்க பூதக்கண்ணாடியும் சேர்த்துக் கொடுத்து விட்டிருக்கேன். பெரியப்பா துப்பாக்கிய சுவர் கனம் அளக்க ரிப்பேர்காரர்கிட்ட அடுத்த மாசம் எடுத்துட்டு போறோம், என்ன சொல்றாருங்கறத வந்து இதுக்கு கீழயே சேர்க்கறேன்.